கரடிக்கு ஒரு தட்டு

எங்கள் ஊர்ப் பக்கம் பசியால் யாரும் செத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. மரியாதையால் செத்தவர்கள் இருக்கலாம். விசாரித்தால் வீட்டாருக்குச் சங்கடமாக இருக்குமே என்று யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

பக்கத்து வீட்டு நாய் கடித்துவிட்டால்கூட, ரத்தம் வழிய அந்த வீட்டு வாசலில் போய் நின்று, "உங்க நாயி பல்லு லேசா பட்டுருச்சுங்க" என்று சொல்கிற ஜனம் நாங்கள். சாப்பாட்டு விஷயத்தில் இது இன்னும் மோசம். ஒருவர் வீட்டுக்குப் போனால் சாப்பிடக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் உட்கார்ந்துவிட்டால் சோத்துக்கு அலைகிறவன் என்று பெயராகிவிடும். அதனால், இப்பத்தானுங்க சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். அவர்கள் விடாமல் கூப்பிட வேண்டும், இவர் விடாமல் மறுக்க வேண்டும். இந்த மல்லுக்கட்டு முடிந்து இலை போடுவதற்குள் குழம்பு ஆறிப் போயிருக்கும். அன்னூரில் எங்கள் சித்தி ஒருத்தி, கல்யாணமான புதிதில், ஒரு விருந்தாளி வேண்டாம் என்று சொன்னதை அப்படியே நம்பிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அவர் ஈரத்துணியை வயிற்றில் போட்டுக்கொண்டு படுத்த கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவருக்குச் சிரிப்பு வந்ததா என்று தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஓட்டு வீடுகள் வரிசையாக இருக்கும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அடுத்த வீட்டில் கடுகு தாளித்தால் கேட்கும், தும்மினால் கேட்கும், புருசன் பெண்டாட்டி சண்டை வரி விடாமல் கேட்கும். காலையில் எதுவுமே கேட்காத முகத்தோடு, நல்லாயிருக்கீங்களா என்று கேட்டுக்கொள்வோம். என் வீட்டுக்காரர் ஒரு மோட்டார் பட்டறையில் லேத் ஓட்டினார். மகளுக்கு நான்கு வயது. இன்னும் பள்ளிக்கூடத்தில் போடவில்லை, அதனால் புத்தி நன்றாக இருந்தது.

அவளிடம் ஒரு கரடி இருந்தது. பொருட்காட்சியில் வாங்கிய துணிக்கரடி. நாட்டுச்சக்கரை நிறம், ஒரு காது பெரியது, ஒரு காது சிறியது. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் பொம்மை என்பது விளையாடுகிற சாமான் இல்லை. வாங்கிய பாலிதீன் கவரோடு டி.வி.யின் மேல் உட்கார வைப்பார்கள். அழுக்காகிவிடும் என்று குழந்தையைத் தொடவே விட மாட்டார்கள். வீட்டுக்கு வீடு நாய்க்குட்டியும் முயலும் மூச்சு முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். என் வீட்டுக்காரரும் எங்கள் கரடியைக் கவரோடு டி.வி. மேல் ஏற்றிவிட்டுத் தள்ளி நின்று திருப்தியாகப் பார்த்தார். மறுநாள் காலையில் கவர் கட்டிலுக்கு அடியில் கிழிந்து கிடந்தது, கரடி மகளின் கக்கத்தில் இருந்தது. அதற்கப்புறம் அது கீழே இறங்கவேயில்லை. குளிக்கிற நேரத்துக்கு மட்டும் வாசற்படியில் வைப்பாள், கரடி பார்க்கக் கூடாது என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி.

அடுத்த வீட்டில் ஒரு மில் தொழிலாளி குடும்பம். அவர், அவர் மனைவி, என் மகள் வயதில் ஒரு பெண் குழந்தை, அதற்கு இளையவனாக ஒரு பொடியன். அவர் மனைவி மறுபடியும் முழுகாமல் இருந்தாள். என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்பாள். அதிர்ந்து பேச மாட்டாள். அவள் பேசியதில் பாதி வார்த்தையும் பாதி 'ங்க'வுமாக இருக்கும்.

ஒருநாள் மில்லை மூடினார்கள். கேட்டில் ஒரு தாளை ஒட்டிவிட்டு முதலாளி போய்விட்டார். நஷ்டம் என்று சொன்னார்கள். கொஞ்ச நாளில் அவர் ஒரு கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடத்தி வைத்தார், அன்னதானத்தோடு. மில் சங்கு ஊதித்தான் எங்கள் தெருவே எழுந்திருக்கும். அது ஊதாமல் போன முதல் நாளே எல்லோரும் தூங்கிவிட்டோம், அதனால் மில் மூடியது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடுத்த வீட்டுக்காரர் மறுநாளும் ஷிப்டு நேரத்துக்குத் தூக்குப்போசியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வேலைக்குங்களா என்று தெருவே கேட்டது. ஆமாங்க என்றார். தெருவே தலையாட்டியது. சோறு இருக்கிற போசி சத்தம் போடாது. அவருடைய போசி தெருமுனை வரைக்கும் ஹேண்டில்பாரில் இடித்து டங்டங் என்று போகும். கூலி வேலை எங்காவது கிடைக்குமா என்று அவர் ஊரெல்லாம் சுற்றுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தோம். அதற்கு எங்கள் ஊரில் நாகரிகம் என்று பெயர்.

என் மகள் பாதிப் பொழுது அந்த வீட்டில்தான் கிடப்பாள். இரண்டு பெண் குழந்தைகளும் சோறாக்கி விளையாடும். ஒருநாள் வந்து என்னிடம் புகார் சொன்னாள், அந்த வீட்டில் கரடிக்கு வெறும் தட்டு வைக்கிறார்கள் என்று. விளையாட்டென்றால் அப்படித்தான் சாமி, வெறும் தட்டுத்தான் வைப்பார்கள் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, விளையாடி முடித்த பிறகும் வெறும் தட்டுத்தான் என்றாள். கரடிக்கு மட்டுமில்லையாம், எல்லோருக்குமாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். வாசலுக்குப் போய், சமையல் ஆச்சுங்களா என்று கேட்டேன். ஆச்சுங்க்கா, இப்பத்தான் சாப்பிட்டுக் கை கழுவினோம் என்றாள். அவ்வளவுதான், கதை முடிந்தது. அதற்குமேல் ஒரு கிண்ணத்தைக் கொண்டுபோய் நீட்டினால், அவளை அவள் வாசலிலேயே வைத்துப் பொய்க்காரி என்று சொன்ன மாதிரி. மிஞ்சிப் போச்சு என்று கொடுக்கலாமா என்றால், மிஞ்சினதைக் கொடுக்கிறாளே என்று ஆகும். பண்டிகை நோம்பி என்றால் பலகாரம் கொடுத்து வாங்கலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் பசிக்கிற வேகத்துக்கு நோம்பி வருவதில்லை. நான் வீட்டுக்கு வந்து, சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. அன்னூரில் பஞ்சாயத்துப் பேசுகிற குடும்பத்தில் பிறந்தவள், ஒரு கிண்ணம் சோற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் சேர்க்க வழி தெரியவில்லை.

மறுநாள் காலையில் மகள் வந்து கரடிக்கு இட்லி வேண்டும் என்றாள். ஒன்று வைத்தேன். கரடிக்கு அது பத்தாது, நிறைய வேண்டும் என்றாள். வைத்தேன். சட்னியும் கேட்டாள். இங்கேயே ஊட்டு கண்ணு என்றால், கரடி இங்கே சாப்பிடாது, அங்கே போய்த்தான் சாப்பிடும் என்று சொல்லிவிட்டு, கரடியைக் கக்கத்தில் இடுக்கி, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். கொட்டிவிடப் போகிறாளே என்று பின்னாலேயே போனேன்.

அந்த வீட்டுக் கதவு திறந்திருந்தது. நடுவீட்டில் கரடியைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, முன்னால் தட்டை வைத்தாள். அந்தக் குழந்தைகள் இரண்டும் வந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தன. அப்புறம் தட்டில் ஒன்றும் இல்லை. அவ்வளவு சீக்கிரம். பொடியன் தட்டை நக்கினான். அவர்கள் அம்மா அடுப்படி வாசல் நிலையில் சாய்ந்து நின்று மேலே ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஓட்டில் ஏதோ அதிசயம் நடக்கிற மாதிரி. அவள் பார்க்கவில்லை, அதனால் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. அவள் பார்க்காததை நானும் பார்க்கவில்லை. சத்தம் காட்டாமல் திரும்பி வந்து மறுபடி அரிசி ஊறப் போட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கரடிக்குச் சமையல் நடந்தது. கரடிக்கு அரிசிபருப்புச் சாதம் என்றால் உயிர். பச்சைப்பயறு கடைந்து ஊற்றினால் கூடக் கொஞ்சம் சாப்பிடும். சந்தகை பிழிந்த அன்றைக்குக் கரடிக்கு இரண்டாவது தட்டு போனது. நானும் அடுத்த வீட்டுக்காரியும் வாசலில் நின்று இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கரடி நல்லாச் சாப்பிடுதுங்க்கா என்று ஒருநாள் சொன்னாள். வளர்ற வயசுங்க என்றேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கம் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. அவளிடம் கொல்லையில் ஒரு முருங்கை மரம் மட்டும் இருந்தது. கரடியின் தட்டு ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைத்து, ஒரு கை முருங்கைக்கீரையோடு திரும்பி வரும். வாங்கியதற்குப் பதில் செய்தாகிவிட்டது, யாருக்கும் யாரும் கடனில்லை. எங்கள் வீட்டில் தினமும் முருங்கைக்கீரைப் பொரியல், முருங்கைக்கீரை அடை, முருங்கைக்கீரைக் கடைசல். என் வீட்டுக்காரர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் வயிற்றில் வேர் விட்டுவிடும் என்றார். அரிசி ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்றும் கேட்டார். கரடி சாப்பிடுகிறது என்றேன். அவர் மகளைப் பார்த்தார், கரடியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அவருக்கும் காது இருக்கிறது, கடுகுச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும் அல்லது கேட்காமல் இருந்திருக்கும். எழுந்து போனார். அடுத்த நாள் வேலை விட்டு வரும்போது பை நிறையக் காயும் வேர்க்கடலையும் வாங்கி வந்து, கரடிக்கு என்று சொல்லி வைத்தார். பொம்மையைக் கவருக்குள் வைத்து அழகு பார்த்த மனுசன். அன்றைக்கு எனக்கு அவர் மேல் பிரியம் பொங்கியது. சொல்லவில்லை, தலைக்கனம் ஏறிவிடும்.

ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுக்கு வயிறு முன்னால் தள்ள ஆரம்பித்திருந்தது, கை மட்டும் குச்சியாக இருந்தது. வளையல் முழங்கைக்கு ஏறிவிட்டது. மகளிடம், அடுத்த வீட்டு அத்தை சாப்பிடுகிறார்களா என்று கேட்டேன். கரடி கூப்பிட்டுப் பார்த்துவிட்டதாம், அத்தை வருவதில்லையாம். கரடி சாப்பிட்டாலே அத்தைக்கு வயிறு ரொம்பிவிடுமாம். நான் தட்டில் இன்னும் அள்ளி வைத்தேன். குழந்தைகள் இன்னும் சாப்பிட்டன. மிச்சமானதை அவள் தன் வீட்டுக்காரருக்கு எடுத்து வைத்தாள். அவளுக்கென்று அதில் எதுவும் போய்ச் சேரவில்லை. குழந்தைகள் விளையாட்டாகச் சாப்பிடலாம், பெரியவள் சாப்பிட்டால் அது பிச்சை. வயிற்றுக்குள் ஒன்று இருக்கிறதே, அது சின்னக் குழந்தைதானே, அதன் கணக்கில் சாப்பிடலாமே என்று எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். பயத்தையும் உள்ளேயே வைத்துக்கொண்டேன், நானும் அதே ஊர்க்காரிதானே.

இந்த நேரத்தில்தான் தெருக்கோடி அம்மாவுக்கு இரக்கம் வந்தது. கிரைண்டர் கம்பெனி வைத்திருந்தவரின் மனைவி. நல்ல மனசு, அதைவிட நல்ல தொண்டை. பெண்களைச் சேர்த்து ஒரு மன்றம் வைத்திருந்தார். மில் மூடியதால் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு அரிசி கொடுப்பது என்று தீர்மானம் போட்டு, ஒரு வண்டியில் அரிசிப் பைகளோடும், ஒரு பேனரோடும், ஸ்டூடியோவிலிருந்து ஒரு போட்டோக்காரரோடும் எங்கள் லைனுக்குள் நுழைந்தார்கள். எல்லோருமே பட்டுச்சேலை கட்டியிருந்தார்கள். கஷ்டப்படுகிறவர்களைப் பார்க்கப் போவதற்குப் பருத்தி போதாது போலிருக்கிறது.

நேராக அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றார்கள். தெருவே வெளியே வந்துவிட்டது. அவள் உள்ளே போய்த் தலையைச் சீவி, கல்யாணச் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். எல்லோருக்கும் பளபளவென்று விளக்கிய சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். தெருக்கோடி அம்மா, உங்களுக்கு ஏதாவது சிரமங்களா அம்மணி என்று கேட்டார்.

"எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. கஷ்டப்படறவிய யாராச்சும் இருப்பாங்க, அவியளுக்குக் குடுங்க."

எனக்குத் தெரியும், இனிமேல் அவர்கள் விடாமல் கூப்பிட வேண்டும், இவள் விடாமல் மறுக்க வேண்டும், கடைசியில் ஒரு பை அரிசியாவது உள்ளே போய்விடும். ஆனால் மன்றத்துக்காரர்களுக்கு நேரமில்லை. இன்னும் நான்கு தெரு பாக்கி இருந்தது, போட்டோக்காரருக்கு வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. முதல் வார்த்தையிலேயே நம்பிவிட்டார்கள். நம்பியதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. தெருக்கோடி அம்மாவுக்கு அவளுடைய மனசு ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. மில்லை மூடியும் கையேந்தாத குடும்பம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி பாராட்டினார். அந்தச் சூட்டோடு சூடாக, நீங்களும் எங்களோடு சேர்ந்து ஏழைகளுக்கு ஒரு படி அரிசி போடலாமே அம்மணி என்றும் கேட்டுவிட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். தகர டப்பாவைச் சுரண்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. வாசலில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்க வேண்டும். படி நிறையவில்லை. கொண்டு வந்த அரிசியை அவர்கள் பையில் கொட்டினாள், கையில் ஒட்டிய மணியையும் தட்டிவிட்டாள். போட்டோக்காரர் அதைப் படமெடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பசிக்கிறவள் பசிக்கிறவர்களுக்கு அரிசி போட்ட அந்தக் கூத்தை நான் கண்ணால் பார்த்தேன், என் கையும் தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எல்லோரும் தட்டும்போது நான் மட்டும் தட்டாமல் இருந்தால் அவளுக்கு என்னவோ போல் இருக்குமே என்று.

மறுநாள் கரடியின் தட்டு அப்படியே திரும்பி வந்தது. மகள் விழித்துக்கொண்டு நின்றாள். கரடிக்கு வயிறு சரியில்லையாம், இனிமேல் சாப்பாடு வேண்டாமாம், அத்தை சொன்னார்களாம். எனக்குப் புரிந்தது. தானம் கொடுத்த வீடாகிவிட்டது, இனி எப்படி வாங்கும்? தெருவே பார்த்துக் கை தட்டியாகிவிட்டதே. அந்தக் கரடி கட்டிய பாலத்தை நல்ல மனசுக்காரர்கள் ஒரு கும்பிடு போட்டு இடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கரடி எங்கே என்று மகளைக் கேட்டேன். அங்கேயே விட்டுவிட்டு வந்தேன் என்றாள். கரடிக்கு மறுபடியும் பசித்தால் அத்தைதானே வந்து சொல்ல வேண்டும், கரடி இங்கே வந்துவிட்டால் அவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டாள். அன்றிரவு கை சும்மா இருந்ததால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. தலையணையைக் கட்டிப் பார்த்தாள், என் கையைக் கட்டிப் பார்த்தாள், கடைசியில் அழுதாள். போய் வாங்கி வரட்டுமா என்றால் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அடுத்தடுத்த நாளும் அப்படியே. நான் சமைத்துவிட்டுத் தட்டில் போட்டு மூடி வைப்பேன். யாரும் வரவில்லை. தட்டோடு நானே போய் அந்த வாசலில் நின்றேன். கதவை ஒருக்களித்துக்கொண்டு, இப்பத்தானுங்க்கா சாப்பிட்டோம் என்றாள். முகம் வெளிறியிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். எங்கள் ஊரில் கதவைத் தள்ளுகிறவர்கள் கடன்காரர்கள்தான்.

பிறகு ஒரு மத்தியானம். வீட்டுக்காரர் பட்டறைக்குப் போயிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். கொல்லைப்புறக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. எங்கள் பழக்கத்தில் கொல்லைப்புறமாக யாரும் வருவதில்லை. திறந்தால் அவள் நின்றிருந்தாள். பழைய சேலை, ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது, இன்னொரு கை வயிற்றின் மேல் இருந்தது. கையில் கரடி இல்லை.

"பசிக்குதுங்க்கா."

என் காது கேட்டதை மூளை வாங்க நேரமானது. இத்தனை நாள் பழக்கம், அவளுக்கு ஒரு சந்து விட்டுக் கொடுக்க வேண்டும் என்று நாக்கு தானாகவே புரண்டது.

"கரடிக்குங்களா?"

"இல்லீங்க்கா. எனக்குத்தானுங்க."

நின்றபடியே அழுதுவிட்டாள். நானும் அழுதேன். அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்து, கட்டிக் கொடுத்து, ஒரு பிள்ளையும் பெற்றாகிவிட்டது, ஒருத்தர் வாய் திறந்து பசிக்கிறது என்று சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். வெட்கத்தை விழுங்கிவிட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாள், வெறும் வயிற்றில் அது எப்படி இறங்கியதோ.

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அடுப்படி மூலையில் நின்றிருந்தாள். தட்டை எடுத்து வந்து அவளுக்கு முன்னால் வைத்தாள். பிறகு ஒரே ஓட்டமாக அடுத்த வீட்டுக்கு ஓடினாள், திரும்பி வரும்போது கரடி கக்கத்தில் இருந்தது, அந்தக் குழந்தைகள் இரண்டும் பின்னால் வந்தன.

சோறு போட்டேன், ரசம் ஊற்றினேன். அவள் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டாள். போதும் என்று கையைக் குறுக்கே வைக்கவில்லை, நான் போடப் போட வாங்கிக்கொண்டாள். ரசம் எப்படி இருக்கிறது என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். ரொம்ப நல்லாயிருக்குதுங்க்கா என்றாள். அவர்கள் போன பிறகு நான் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து வைத்தபோதுதான் தெரிந்தது, அன்றைக்கு ரசத்துக்கு உப்பே போடவில்லை.